பானெட்டின் மேல் ஒரு கை

மலைச்சாலைச் சோதனைச்சாவடியில் அந்த ஏட்டு யாரிடமும் வாய்விட்டுக் கேட்பதில்லை. வண்டியின் பானெட்டில் உள்ளங்கையை வைப்பார். இருநூறு ரூபாய் வந்த பிறகுதான் எடுப்பார். இன்றும் வைத்தார். டிரைவர் இஸ்ரவேல் கொடுக்கவில்லை.

“என்னடா, புதுப் பழக்கம்?”

“பேப்பரெல்லாம் சரியா இருக்கு சார்.”

“பேப்பரை இங்க யாரு கேட்டா?”

பின் சீட்டில் இருந்த வடநாட்டுத் தம்பதிக்கு மலையைத் தாண்டி நான்கு மணிக்கு ரயில். அதைத் தவறவிட்டால் முதலாளி இவனிடமிருந்து வண்டிச் சாவியை வாங்கிக்கொள்வார். இஸ்ரவேல் என்ஜினை அணைக்கவில்லை. பதினேழு கொண்டை ஊசி வளைவுகளை உச்சிவெயிலில் ஏறி வந்த வண்டி. வண்டியை நிறுத்தி வைத்தபடியே ஆக்சிலேட்டரை மிதித்தான். பானெட்டின் தகடு கொதித்தது.

ஏட்டின் மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டியது. கை அசையவில்லை.

“மிதிடா. நீ எவ்வளவு நேரம் மிதிக்கிறேன்னு பாக்குறேன்.”

இஸ்ரவேல் இன்னும் அழுத்தினான். பின்னால் பர்ஸ் திறக்கும் சத்தம் கேட்டது. இருநூறு ரூபாய்த் தாளோடு வளையல் அணிந்த கை ஒன்று ஜன்னலை நோக்கி நீண்டது. ஏட்டின் கண்கள் அந்தத் தாளை விட்டு நகரவில்லை.

இஸ்ரவேல் தன் பக்கத்திலிருந்த பொத்தானை அழுத்தினான். பின்ஜன்னல் கண்ணாடி மெல்ல மேலேறியது.