கன்னி மூலை பீரோ

வாசல் கதவில் ஒரு காலிங்பெல் கேமரா இருந்தது. யார் வந்து அழுத்தினாலும் அவர்கள் முகத்தை வீட்டுக்கார அம்மா செண்பகவல்லியின் போனில் காட்டும். ஒரு வாரமாகக் காட்டவில்லை. கூரியர்காரர் இரண்டு முறை வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

"நான் ஒழுங்காத்தான் அனுப்பறேன். நீதான் வாங்க மாட்டேங்கறே" என்றது கேமரா.

"வந்தாத்தானே வாங்கறதுக்கு?" என்றது உள்ளறையிலிருந்த வைஃபை பெட்டி.

இரண்டுக்கும் நடுவே, சுவர் முழுக்க அடைத்துக்கொண்டு இரும்பு பீரோ நின்றது. பீரோ கன்னி மூலையில்தான் இருக்க வேண்டும் என்று வாஸ்துக்காரர் சொன்னதால், போன வாரம்தான் அதை அங்கே நகர்த்தியிருந்தார்கள்.

"எதுக்கு சண்டை? ரெண்டு பேரும் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போங்களேன்" என்றது பீரோ.

செண்பகவல்லி இரண்டையும் அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தாள். பாஸ்வேர்டை மாற்றினாள். கடைசியில், "சனியன், இது சரிப்படாது" என்று கேமராவைக் கழற்றி, அது வந்த அட்டைப்பெட்டியிலேயே போட்டு, பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள்.

"வா தம்பி," என்றது பீரோ. "அந்த வைஃபை பெட்டி எப்பவுமே அப்படித்தான். உனக்காக நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்."