பட்டியலில் இல்லாத பெயர்

ஊசி போட வேண்டிய நேரம் தாண்டிப் பத்து நிமிடம் ஆகிவிட்டது. வலி மருந்து ஏற்றிய ஊசியைத் தட்டில் வைத்துக்கொண்டு, நர்ஸ் ஏழாம் அறையின் வாசலிலேயே நின்றிருந்தாள். உள்ளே பெரியவர் வலி பொறுக்காமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முனகுவது கேட்டது.

கொஞ்சம் முனகட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். அப்புறம்தான் உள்ளே போனாள்.

அவளுக்கு அவரை நன்றாகத் தெரியும். அவருக்குத்தான் அவளைத் தெரியவில்லை. ஏழு வருடங்களுக்கு முன்னால் அவர் பல்கலைக்கழகத்தில் இசைத்துறைத் தலைவர். பி.ஏ. இசை படிப்பதற்கான தேர்வில் அவர் எதிரே உட்கார்ந்து அவள் பாடினாள். கண்ணை மூடிக் கேட்டவர், "இன்னொண்ணு பாடும்மா" என்று தானாகவே கேட்டார். சீட்டு கிடைத்த மாதிரிதான் என்று துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

மூன்றாம் நாள் ஒட்டிய பட்டியலில் அவள் பெயர் இல்லை. மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் நாலு தடவை பார்த்தாள்.

அன்றைக்கு அம்மாதான் அவளை மடியில் போட்டுத் தேற்றினாள். "அந்த ஆளு விளங்கவே மாட்டான்" என்று வாய் ஓயாமல் திட்டினாள். ஹார்மோனியப் பெட்டியோடு ஊர் ஊராகச் சுற்றிய அப்பா, ஏதோ ஒரு ரயில் நிலையத்தில் காய்ச்சலோடு கேட்பாரற்றுச் செத்துப்போனதிலிருந்து அம்மாவுக்கு இருந்தது அவள் ஒருத்திதான்.

அதே வளாகத்தில் நர்சிங் படிப்பில் சேர்ந்தாள். உடற்கூறு வகுப்பின் ஜன்னலுக்கு நேர் எதிரே இசைத்துறை. ஃபார்மலின் நெடி மூக்கில் ஏறும்போதே தம்புராச் சத்தமும் காதில் விழும். காற்று அடிக்கிறது என்று சாக்குச் சொல்லி எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவாள். நாலு வருடமும் சாத்தினாள்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அம்மாவுக்குப் போன் போட்டு, ஏழாம் அறையில் யார் படுத்திருக்கிறார் என்று சொன்னாள்.

"அந்த ஆளுகிட்ட நீ பேச்சே வச்சுக்காதடி. வேற வார்டு கேட்டு மாத்திக்கோ."

"நான் எதுக்கு மாறணும்? நான் என்ன தப்பு பண்ணினேன்?"

"சொன்னா கேளு. அவன் என்ன சொன்னாலும் காதுல வாங்காத."

அம்மாவுக்கு இன்னும் ஆறவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, படுக்கைப் புண்ணுக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தபோது தன்னை அறியாமல் எதையோ முணுமுணுத்தாள்.

"ஸ்ருதி அசையாம நிக்குதே. எங்கேம்மா கத்துக்கிட்டே?"

"நீங்கதான் கத்துக்க விடலையே சார்."

அந்த வருடத்தைச் சொன்னாள். அன்று பாடிய இரண்டு பாட்டுகளையும் சொன்னாள். பெரியவர் மெல்லத் தலையைத் திருப்பி அவள் முகத்தையே பார்த்தார்.

"அந்தப் பொண்ணா நீ? பட்டியல்ல உன் பேர்தான் முதல்ல இருந்துச்சு. நான்தான் அடிச்சேன்."

அவள் பஞ்சைத் தட்டில் போட்டாள். "என் இடத்தை யாருக்குத் தூக்கிக் குடுத்தீங்க?"

"யாருக்கும் குடுக்கலைம்மா. அந்த வருஷம் ஒரு இடம் காலியாவே கிடந்துச்சு."

"அப்புறம் ஏன் சார் அடிச்சீங்க?"

அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "தப்பு என்னுதுன்னே வச்சுக்கோ. என்னைத் திட்டிக்கோ. வேற எதுவும் கேக்காத."

அதற்குப் பிறகு மூன்று நாள் அவரிடம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. படுக்கை விரிப்பை மாற்றினாள், காய்ச்சல் பார்த்தாள், சிறுநீர்க் குழாயைச் சுத்தம் செய்தாள். ஊசி மட்டும் ஒவ்வொரு வேளையும் பிந்தியது. பத்து நிமிடம் இருபதானது; இருபது அரை மணியானது. குறிப்பேட்டில் மட்டும், போட வேண்டிய நேரத்திலேயே போட்டதாக எழுதி வைத்தாள்.

பெரியவர் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் உள்ளே வரும்போது முனகலைக்கூடப் பல்லைக் கடித்து அடக்கிக்கொள்வார்.

நாலாம் நாள் மத்தியானம், அவள் தட்டோடு வாசலில் நின்றிருந்தபோதே உள்ளே முனகல் நின்றுபோனது. கொஞ்சம் பொறுத்து எட்டிப் பார்த்தாள். கம்பியைப் பற்றிய கை பற்றியபடியே இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். அவள் உடம்பைத் துடைத்துத் தாடையைக் கட்டினாள். போடாத ஊசி தட்டிலேயே கிடந்தது. கையைக் கழுவிக்கொண்டு வந்து அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அந்த ஆளு போயிட்டான்மா."

அம்மா அவசரமாகக் கேட்டாள். "உன்கிட்ட ஏதாவது சொன்னாரா?"

அம்மா அவரை மரியாதையாகப் பேசி அவள் கேட்டதே இல்லை.

"முதல்ல இருந்த என் பேரை அவனே அடிச்சானாம். ஏன்னு மட்டும் கடைசி வரைக்கும் சொல்லலை. தப்பு தன்னுதுன்னுட்டுப் போய்ச் சேர்ந்துட்டான்."

அம்மா விசும்பத் தொடங்கினாள்.

"அவரை அவன் இவன்னு சொல்லாதடி. உங்கப்பா மாதிரி நீயும் போயிடக் கூடாதுன்னு, உன் பேரை அடிக்கச் சொல்லி அவர் கால்ல விழுந்தது நான்."