தண்ணீர் குடிக்கும் பல்லி

"எலும்பு வரைக்கும் குளிருது மேட். கம்பளிக்குள்ள நான் நடுங்கிட்டு இருக்கேன், உங்க நெட்டு மூணு நாளா செத்துக் கிடக்கு" என்றார் மறுமுனையில் இருந்த மெல்போர்ன் பெரியவர்.

"ஆமா மேட், இங்கயும் தாங்க முடியல" என்று கெலேராவும் குரலை நடுக்கினாள். ஃபிஜியின் சுவா நகரத்து வெயிலில், வியர்வை அவள் முதுகில் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த ஒரு அழைப்பில்தான் எல்லாம். கால் சென்டரில் காலியாக இருந்தது ஒரே நாற்காலி, பயிற்சியில் மிஞ்சியவர்கள் அவளும் எபெலி என்ற பையனும். "லைன்ல இருக்கிறவங்க உங்களை அசல் மெல்போர்ன்காரங்கன்னு நம்பணும். அவ்வளவுதான் பரீட்சை" என்று சொல்லி, எபெலியை உள்ளறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்தியிருந்தார் ரோஹினேஷ் சார். தோற்றால் திங்கட்கிழமை கெலேரா மறுபடி மார்க்கெட்டில், சேப்பங்கிழங்குக் குவியலுக்குப் பின்னால்.

ஆறு வாரமாக அவர் இருவரையும் பிழிந்தெடுத்திருந்தார். நண்பர் என்றால் 'மேட்', பிற்பகல் என்றால் 'ஆர்வோ', காலைச் சாப்பாடு என்றால் 'பிரெக்கி'. தலைக்கு மேல் வேலை என்றால், தண்ணீர் குடிக்கிற பல்லி மாதிரி கிடக்கிறேன் என்று சொல்ல வேண்டுமாம். அதையும் இருவரும் விழுங்கிவிட்டார்கள். ஊர்ப் பழக்கம்தான் போவேனா என்றது. ஃபிஜிக்காரருக்கு 'ஆமாம்' சொல்ல வாய் எதற்கு, புருவத்தைத் தூக்கினால் போதும். "ஃபோன்ல உங்க புருவம் எவனுக்குத் தெரியும்?" என்று சார் மேசையைத் தட்டாத நாளில்லை.

"மோடத்துல பச்சை விளக்கு எரியுதா மேட்?"

மறுமுனையில் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதா? கெலேரா ஹெட்ஃபோன் வயரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

"இருக்கீங்களா மேட்?"

"இருக்கேன், இருக்கேன். எரியுது. அது சரி, நீ எந்த ஏரியாப் பொண்ணு?"

"பக்கந்தான் மேட். ஃபுட்ஸ்கிரே."

"அங்க எந்தத் தெரு?"

தெருப் பெயர் எதையும் சார் சொல்லித் தந்திருக்கவில்லை. கிழங்கைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கும் ஆளிடம் அவள் குழந்தைகளின் நலம் விசாரிப்பது வழக்கம். அதே கைவரிசையைக் காட்டினாள்.

"தெருவைப் பார்க்க எங்க நேரம்? பிரெக்கி முடிச்சு உட்கார்ந்தவ, ஆர்வோ வரைக்கும் தண்ணி குடிக்கிற பல்லி மாதிரிதான் கிடக்கேன். பசங்கல்லாம் நல்லா இருக்காங்களா மேட்?"

பெரியவர் வெடித்துச் சிரித்தார். "எங்க தாத்தா காலத்துப் பேச்சு இது. நீ எங்கே பிடிச்சே?"

பாராட்டா, குத்தலா? அவளுக்குப் பிடிபடவில்லை. கால் கட்டைவிரல் தரையைச் சுரண்டிக்கொண்டே இருந்தது.

"மோடத்தை அணைச்சுப் போட்டுட்டீங்களா?"

மறுபடி மௌனம். மூன்று வரை எண்ணினாள்.

"போட்டுட்டேன், வந்துருச்சு. நோ வொரீஸ் பொண்ணே" என்று சொல்லிப் பெரியவர் வைத்துவிட்டார்.

கெலேரா ஹெட்ஃபோனைக் கழற்றினாள். பின்னால் கையில் நோட்டுடன் ரோஹினேஷ் நின்றுகொண்டிருந்தார்.

"ஆள் எப்படி?"

"அசல் மெல்போர்ன் கிழவர் சார். பல்லு தந்தியடிச்சது எனக்கே கேட்டுச்சு."

"கொஞ்சம்கூட சந்தேகம் வரல?"

"எதுக்கு சார் சந்தேகம்? பைபிள் மேல சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவேன்."

ரோஹினேஷ் நோட்டில் ஏதோ கிறுக்கிவிட்டு, சாத்தியிருந்த உள்ளறைப் பக்கம் திரும்பினார்.

"எபெலி, ஹெட்ஃபோனைக் கழட்டிட்டு வெளிய வா. வேலை உனக்குத்தான்."