மாப்பிள்ளை முகத்தில் பிளேடு

"ஆம்படையாள் வயத்துல குழந்தையோட இருக்கறச்சே, யாராவது முகத்துல பிளேடு வைப்பாளோடீ?"

விஜயம் கேட்டது மகள் ஜானவியை. ஆனால் கேள்வி போய்ச் சேர வேண்டிய இடம் குளியலறை. மாப்பிள்ளையை நேருக்கு நேர் திட்டும் வழக்கம் கரமனையில் அந்த வீட்டுக்குக் கிடையாது. மகளைத் திட்டினால் போதும், தானாகப் போய்ச் சேர்ந்துவிடும்.

கதவு திறந்தது. மஹேஷ் வெளியே வந்தான். கன்னம் இரண்டும் மிளகாய் அரைத்துத் தடவியது போலச் சிவந்திருந்தன. மோவாயில் வெட்டுக்காயத்தின் மேல் ஒட்டிய ஒரு காகிதத் துண்டு.

மனைவி கர்ப்பமாக இருந்தால் கணவன் சவரம் செய்துகொள்ளக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். மஹேஷும் ஒழுங்காகத்தான் தாடி வளர்த்தான். போன மாதம் திடீரென்று எடுத்துவிட்டான். அன்றிலிருந்து தினமும் சேஃப்டி ரேஸரும் கையுமாக உள்ளே போவதும், வீரத் தழும்புகளோடு வெளியே வருவதுமாக இருந்தான். தொட்டாலே தடித்துப் போகும் தோல் வேறு.

"எதுக்கு மஹேஷ் இந்த அவஸ்தை?" என்றாள் ஜானவி.

"அழுத்தவே கூடாதாம். முடி வளர்ற பக்கமா மெள்ள இழுக்கணும். நான் எதிர்ப் பக்கம் இழுத்துட்டேன். நாளைக்குச் சரியாயிடும், கேட்டோ."

"கழக்கூட்டத்துக் கம்பெனியில தாடி வச்சவாளுக்கு வேலை இல்லையாமாடீ? ஆபீஸ்ல யாருக்குக் காட்டறதுக்கு இந்த மினுக்கல்?" விஜயத்தின் குரல் தெருக்கோடி வரை போயிற்று.

பேப்பருக்குப் பின்னால் நாகேஸ்வரன் இதையெல்லாம் ரசித்துக்கொண்டிருந்தார். மாமனாருக்கு அதில் ஒரு சுயநலம் இருந்தது.

சில மாதமாக அவருடைய வலது கை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. ரேஸரைத் தூக்கினால் போதும், ஆட ஆரம்பித்துவிடும். நடுக்கத்துக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை விஜயத்துக்குத் தெரியாமல் விழுங்கிக்கொண்டிருந்தார். தெரிந்தால் போச்சு. பிரசவத்துக்காக மாப்பிள்ளையோடு வந்து தங்கியிருக்கும் மகளை விட்டுவிட்டு இவர் பின்னால் அழுதுகொண்டு அலைவாள். காபி டம்ளரைக்கூடக் கையில் கொடுக்க மாட்டாள்.

மின்சார ரேஸர் வைத்தால் அவர் தோல் தடிக்கும். சலூனுக்குப் போனால், இத்தனை வருஷம் இல்லாத வழக்கம் இப்போது என்ன என்று விஜயமே கேட்பாள். முள் தாடியோடு நிற்கவும் மனசு வராது. ஆகவே தினமும் கதவைச் சாத்திக்கொண்டு அவரும் ஒரு யுத்தம் நடத்தினார்.

"ஏன்னா, உங்க தாடையிலயும் ரத்தம்?" விஜயம் சட்டென்று திரும்பினாள்.

"பின்னே? மாப்பிள்ளை வாங்கிண்டு வந்த அதே பாக்கெட் பிளேடு. வெறுதே தொட்டாலும் அறுக்கறது" என்றார் நாகேஸ்வரன், கொஞ்சமும் கூசாமல்.

"அதானே பார்த்தேன்! கேட்டயாடீ ஜானவி?"

மறுபடியும் ஒரு சுற்று அர்ச்சனை. மஹேஷ் தலையைக் குனிந்து மோவாயைத் துடைத்துக்கொண்டான். நாகேஸ்வரனுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் பழியைச் சுமக்க இப்படி ஒரு மாப்பிள்ளை கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் வளைகாப்பு. திருநெல்வேலியிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்துகொண்டிருந்தார்கள். அன்று பார்த்து நாகேஸ்வரனின் கை வழக்கத்தைவிட அதிகமாக ஆடியது. முகம் முழுக்க நுரை. முதல் இழுப்புக்கு முன்பே ரேஸர் நழுவி வாளிக்குள் விழுந்தது.

"மாமா?" வெளியிலிருந்து மஹேஷ்.

வேறு வழியில்லை. கதவைத் திறந்தார். மஹேஷ் வாளியைப் பார்த்தான். அவர் கையைப் பார்த்தான். பிறகு எதையுமே பார்க்காதவன் மாதிரி தலையைச் சொறிந்தான்.

"மாமா, ஒரு உபகாரம் பண்ணணும். வீடியோ பார்த்துச் சவரம் பழகறேன், என் ஒரு மூஞ்சி போறல்லை. உங்க முகத்துல ஒரு தடவை பழகிக்கட்டுமா?"

நாகேஸ்வரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காட்டிக்கொள்வாரா?

"உங்க கையிலயா? ம்... மாப்பிள்ளை கேட்டு மாட்டேன்னா நன்னாயிருக்காது. பண்ணுங்கோ."

முக்காலியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தார். வெந்நீரில் நனைத்த துண்டு, மறுபடி நுரை. ஒரு விரலால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, சின்னச் சின்னதாக, அழுத்தாமல் வழித்தான் மஹேஷ். கடைசியில் குளிர்ந்த தண்ணீரும் படிகாரமும். எங்கேயும் எரியவில்லை.

"அட! நேத்து வரைக்கும் உங்களையே கொத்திண்டிருந்தேளே?"

"அடுத்தவா முகம் இல்லையா மாமா, பயம்."

"விஜயத்துக்கிட்ட மூச்சு விடாதீங்கோ. சிரிப்பா."

மஹேஷ் தலையாட்டிவிட்டு வெளியே போனான். நாகேஸ்வரன் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். பூசணிப் பூ மாதிரி இருந்தது. மாப்பிள்ளை பழகுவதற்குத் தன் முகத்தையே தானம் கொடுத்த மாமனார் இந்தத் தெருவில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கண்ணாடியைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

கதவுக்கு வெளியே, அவர் காதுக்கு எட்டாமல், ஒரு கிசுகிசுப்பு. விஜயம்.

"ஆச்சா மாப்பிள்ளை? ரத்தம் வரல்லையே?"

"ஒரு சொட்டு இல்லை மாமி."

"நன்னாயிருப்பேள். அவர் தோல் தாங்காது, முதல்ல உங்க மூஞ்சியில பழகிப் படிச்சுக்கோங்கோன்னு நான் சொன்னதுக்குத் தாடியையே எடுத்தேள். குழந்தைக்கு ஒண்ணும் வராது, பத்மநாப சுவாமிகிட்ட நான் மன்னிப்புக் கேட்டுண்டாச்சு. சரி, நகருங்கோ, நான் கொஞ்சம் கத்தணும். இல்லேன்னா, அவர் கை நடுங்கறது எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சுடும்!"