வாள் இறங்கும் நொடி

மஞ்சள் வண்ணம் தீட்டிய பாலைவனத்தின் நடுவே, கார்ட்டூன் படத்தின் கோமாளி வீரனான தொந்தியப்பன் கண்களை மூடி மண்டியிட்டிருந்தான். அவன் அடித்த குட்டிக்கரணங்களுக்கு நாற்பது கொள்ளையரில் ஒருவன்கூடச் சிரிக்கவில்லை. தலைவனின் வாள் அவன் கழுத்துக்கு மேலே உயர்ந்து நின்றது. அவர்களை வரைந்துவந்த பூங்காவனத்திடம் எஞ்சியிருந்தவை இருபத்துநான்கு தாள்கள். திரையில் அவை ஒரே ஒரு நொடி.

"ஒரு நொடியில எவன் தப்பிப்பான்? வாளை இறக்கி முடிச்சிரும்மா," என்றார் இயக்குநர் அருமைநாதன். "ஒரு தடவை சனங்க அழட்டுமே."

"நாலு மாசமா இவன் மூஞ்சியப் பாத்துத்தான் சார் சோறே திங்கிறேன். என் கையாலயே வெட்டச் சொல்றீங்களே!"

"அந்தக் கோவத்தை அப்படியே தலைவன் மூஞ்சியில வை."

ஓவியர்களின் வழக்கப்படி, வரையவேண்டிய முகத்தை அவள் முதலில் மேசைக் கண்ணாடியில் தானே செய்து பார்த்தாள். பல்லைக் கடித்தாள், புருவத்தை நெரித்தாள், மூக்கை விடைத்தாள். கண்ணாடிக்குள் தோன்றிய கொள்ளைக்காரியைக் கண்டதும் அவள் உதட்டோரம் துடித்தது. பழகிய கை, கண்டதைக் கண்டபடியே வரைந்தது.

பதினோராம் தாள் முடிந்ததும் அருமைநாதன் தாள்களை விரலிடுக்கில் பிடித்து விறுவிறுவெனப் புரட்டினார். இறங்கத் தொடங்கிய வாள் பாதியில் தயங்கியது. தலைவனின் மீசை ஒரு பக்கம் மட்டும் மேலேறியது. அவர் மறுபடியும் புரட்டினார்.

"இவன் சிரிப்பை அடக்குறானா என்ன?"

பூங்காவனம் பன்னிரண்டாம் தாளை விரித்து, தொந்தியப்பனின் ஒரு கண்ணை மட்டும் லேசாகத் திறந்துவைத்தாள்.