ஜெனீவா போகும் ரைஸ் குக்கர்

விமான நிலையத் தராசு இருபத்தேழு கிலோ காட்டியது. அனுமதி இருபது.

"ஹாரிஸ், பெட்டியத் தொற," என்றார் விரிவுரையாளர் டோரதி.

பன்னிரண்டு மாணவர்கள், எட்டு நாள், ஜெனீவா. அனைத்துலக அமைப்புகளைப் பற்றி வகுப்பில் படித்ததையெல்லாம் நேரில் பார்க்கப் போகிறார்கள். மூன்றாம் நாள், பல நாட்டு மாணவர்கள் கூடும் மாதிரிக் கூட்டம். அதில் பினாங்கு வகுப்பின் சார்பில் பேசப்போகிறவன் இந்த ஹாரிஸ்தான். மூன்று மாதமாகக் கண்ணாடி முன் நின்று பேசிப் பழகியதில் வீட்டுப் பூனைகூட ஓடிவிட்டதாகக் கேள்வி.

பெட்டி திறந்தது.

அரிசி. மீ நூடுல்ஸ் பாக்கெட்டுகள். இரண்டு பாட்டில் நெத்திலிச் சம்பல். கறித்தூள். எல்லாவற்றுக்கும் நடுவில் மாப்பிள்ளை மாதிரி ஒரு ரைஸ் குக்கர்.

"ஆலமாக்! ஒங்க அத்தா கடையையே தூக்கிட்டு வந்துட்டியாலா?" என்று வகுப்புத் தோழி ஐனா கத்தினாள். ஹாரிஸின் அத்தாவுக்கு ஜெலுத்தோங்கில் நாசி கண்டார் சோற்றுக் கடை.

"அங்க ஹலால் சாப்பாடு லேசுல கெடைக்காது மேடம்," என்று இளித்தான் ஹாரிஸ்.

"ஏன் கெடைக்காது? டிக்கெட்டும் ரூமும் யுனிவர்சிட்டி செலவு, சாப்பாடு மட்டும் ஒங்க செலவுன்னு சொன்னப்பவே ஹலால் கடை லிஸ்ட்டும் குடுத்தேனே."

"கடைச் சாப்பாட்டுல எனக்கு வயிறு நெறையாது மேடம்."

"நோன்புப் பெருநாள் முடிஞ்சு நாலு நாள்கூட ஆகல. அதுக்குள்ள இவ்ளோ பசியா?"

"ஒரு மாசம் விட்டதப் புடிக்கணும்ல?"

வரிசையே சிரித்தது. டோரதி சிரிக்கவில்லை.

"ஒன் ரூம்மேட்டு பெர்னார்டப் பாரு. தவக்காலம், ஒரு வேளைதான் சாப்பிடுவேன்னு சொல்லிட்டான். ஜெனீவாவுலயும் அப்படித்தானாம். அவன்கிட்ட கொஞ்சம் கத்துக்க."

பிறை ஊர்க்காரனான பெர்னார்ட் தலையைக் குனிந்துகொண்டான். தவக்காலத்தில் தானும் இறைச்சி தொடாதவர் டோரதி. பையனின் அடக்கம் அவருக்கு மிகவும் பிடித்துப்போனது.

மற்றவர்களின் பெட்டிகள் ஏற்கெனவே உள்ளே போய்விட்டன. கூடுதல் எடைக்கான கட்டணத்தைக் கேட்டதும் ஹாரிஸுக்குத் தலை சுற்றியது.

"அரிசிய எடுத்து ஒங்க அண்ணன்கிட்ட குடுத்துடு. வேல முடிஞ்சுது," என்றார் டோரதி. வழியனுப்ப வந்த அண்ணன் சாதிக் ஓரமாக நின்றுகொண்டிருந்தான்.

ஹாரிஸ் அரிசியைத் தொடவில்லை. குளிர்சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான். அதன்மேல் கூட்டத்துக்கென்று தைத்த கோட்டு. ஏர்கானிலும் வேர்த்துக் கொட்டியது.

இருபத்து நாலு கிலோ.

நாலு சட்டை, இரண்டு ஜீன்ஸ், ஒரு துண்டு அண்ணன் கைக்குப் போயின. "ரெண்டு சட்ட போதும் மேடம், தொவச்சுக்குவேன்."

இருபத்தொன்றரை.

கடைசியாகக் கறுப்புத் தோல் சப்பாத்து ஜோடியை வெளியே எடுத்தான். புதுசு கடித்துக் குதிகால் புண்ணானதால் இப்போதைக்குக் காலில் மாட்ட முடியாது; கைப்பையிலும் இடமில்லை.

இருபது.

"வெளையாட்டுச் சப்பாத்தோடயா மேடையில நிப்ப? தோல் சப்பாத்து கட்டாயம்னு கூட்டம் நடத்துறவங்க எழுதியே அனுப்பியிருக்காங்க." டோரதியின் குரல் உயர்ந்தது. "கடைசியா கேக்குறேன். அரிசியா, பேச்சா?"

ஹாரிஸ் சப்பாத்தை அண்ணனிடம் நீட்டினான்.

"வேற யாரையாச்சும் பேசச் சொல்லுங்க மேடம்."

பெர்னார்ட் ஓடிவந்து அவன் கையைப் பிடித்தான்.

"டேய், பைத்தியமாடா ஒனக்கு? மூணு மாசம் ஒழைச்சிருக்க. அரிசிய விட்டுட்டுப் போய்ப் பேசுடா!"

ஹாரிஸ் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"சோறு கண்ட இடம் சொர்க்கம்னு சும்மாவா சொன்னாங்க!" டோரதிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "மொதல்ல இந்தக் குக்கர வீட்டுக்கு அனுப்பு." வெடுக்கென்று பெட்டியிலிருந்து இழுத்தார். மூடி கழன்றது. உள்ளே நாலாக மடித்த ஒரு கடுதாசி.

பிரித்துப் படித்தார். மறுபடியும் ஒரு தடவை படித்தார்.

உலகப் பசியைப் பற்றி ஒரு பருவம் முழுக்கப் பாடம் எடுத்தவருக்கு வெட்கமாக இருந்தது.

கடுதாசியை இருந்தபடியே மடித்து வைத்துக் குக்கரை மூடினார். தானே அதைப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்து ஜிப்பை இழுத்தார். பிறகு தன் கைப்பையிலிருந்த இரண்டு தடித்த புத்தகங்களை எடுத்து சாதிக்கிடம் கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஹாரிஸின் சப்பாத்தைத் திணித்தார்.

"பெட்டிய அனுப்பிடுங்க," என்றார் கவுன்டரில். ஹாரிஸிடம் திரும்பி, "பேசப்போறது நீதான். சப்பாத்து என்கிட்ட பத்திரமா இருக்கும்."

ஹாரிஸுக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் முகமெல்லாம் சிரிப்பு.

"அப்படி என்னதான் எழுதியிருக்கு மேடம்?" ஐனா காதோரம் கேட்டாள்.

"சமையல் குறிப்பு," என்றார் டோரதி. பெர்னார்ட் பக்கம் திரும்பாமலே விறுவிறுவென்று நடந்தார்.

கடுதாசியில் ஹாரிஸின் அம்மா சலேஹா எழுதியிருந்தது இதுதான்: "தம்பி, நீ சொன்ன மாதிரியே ரெண்டு பேருக்கும் எட்டு நாளைக்குக் கணக்கா அளந்து வச்சிருக்கேன். கையில காசு இல்லாமத்தான் பெர்னார்டு தவக்காலம்னு சொல்றான்னு நமக்குத் தெரியும்ங்கறது அந்தப் புள்ளைக்குத் தெரியவே கூடாது. 'தனியா சாப்பிட்டா எனக்கு எறங்காதுடா'ன்னு சொல்லிக் கூப்பிடு."