மாற்றிச் சொன்ன மருந்தளவு

பாடநூலைப் பிறருக்கு வாசித்துக் காட்டுவதும் பதிப்புரிமைக் குற்றமானது. சட்டத்தை எதிர்த்த நர்சிங் மாணவிகள், ஆளுக்கோர் அத்தியாயத்தை மனப்பாடம் செய்து விடுதியில் ரகசியமாக ஒப்பித்தார்கள்.

புதிதாக வந்த ஜெசிந்தா மட்டும், "இன்னொரு தடவ சொல்லுங்கக்கா" என்று ஒவ்வொன்றையும் திரும்பக் கேட்டாள். பதிப்பகத்தின் உளவாளியோ என்று, மருந்தளவு அத்தியாயத்தை ஒப்பிக்கும் இன்பக்கொடிக்குச் சந்தேகம். குழந்தைகளுக்கான ஒரு மருந்தளவை அவளிடம் மட்டும் வேண்டுமென்றே மாற்றிச் சொன்னாள். அந்தத் தப்பான எண்ணோடு புகார் வந்தால் ஆள் அகப்படுவாள்.

புகார் வரவில்லை.

மறுமாதம் குழந்தைகள் வார்டில் ஜெசிந்தா ஊசியில் மருந்தேற்றுவதைப் பார்த்து, இன்பக்கொடி பாய்ந்து கையைப் பிடித்தாள்.

"நிறுத்துடி! மூணு மடங்கு அது!"

"நீங்கதானக்கா அப்படிச் சொன்னீங்க?"

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று மாலை இன்பக்கொடி ஒப்பிக்க உட்கார்ந்தபோது, கேட்க ஒருத்தியும் வரவில்லை.